அக்கி வந்த பிறகு மறதி: வைரஸுக்கும் நரம்புச் சிதைவு நோய்களுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு உண்மை?

கேள்வி சுருக்கமாக இதுதான்: 71 வயது அம்மாவுக்கு நான்கு மாதம் முன்பு முதுகிலிருந்து மார்புவரை அக்கி வந்தது. கொப்புளம் ஆறிவிட்டது, எரிச்சல் போகவில்லை, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். கடந்த ஆறு வாரமாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார், ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். அக்கி வைரஸ் மூளைக்குள் போய் அல்சைமர் என்ற மறதி நோயை உண்டாக்கும் என்று தம்பி ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார். இது உண்மையா, வைரஸை அடக்கும் மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால் தடுக்கலாமா, வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு இது தொற்றுமா என்று மகள் கேட்கிறார்.

முதலில் அம்மாவைப் பார்ப்போம், ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்.

அக்கி ஆறிய பிறகு நிற்கும் எரிச்சலுக்கு வழக்கமாக எழுதித் தரும் மாத்திரைகள் பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின், சில சமயம் டிரமடால். இவை எல்லாமே வயதானவர்களின் தலையை மந்தமாக்கக் கூடியவை. அமிட்ரிப்டிலின் நினைவாற்றலை நேரடியாகவே மழுங்கடிக்கும். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் பிரிகாபலின் உடம்பில் தேங்கி, பகலெல்லாம் தூக்கக் கலக்கமும் குழப்பமும் தரும். நரம்பியல் மருத்துவராக 25 ஆண்டுகளில் நான் பார்த்த ‘திடீர் மறதி’களில் கணிசமானவை மாத்திரைப் பையிலிருந்து வந்தவை. உங்கள் அம்மாவின் மறதி அக்கியோடு தொடங்கவில்லை. அது ஆறி, வலி மாத்திரை தொடர்ந்துகொண்டிருக்கும்போது தொடங்கியிருக்கிறது. அதனால் எனக்கு முதல் சந்தேகம் மாத்திரைகளின் மீதுதான். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சிலவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆனால் இந்த வாரமே எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கூடவே தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை. வலியால் ராத்திரி தூக்கம் இல்லை என்றால் அதுவே நினைவைக் கெடுக்கும். மனச்சோர்வும் அப்படித்தான். இவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருந்தால் சரிசெய்துவிடலாம்.

இதற்கிடையே காய்ச்சலோடு கடுமையான தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் பலவீனம், வலிப்பு என்று எது வந்தாலும் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அக்கி வைரஸ் அபூர்வமாக மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். அக்கி வந்த அடுத்த சில வாரங்களில் பக்கவாத ஆபத்தும் கொஞ்சம் கூடும், கண்ணைச் சுற்றி வந்த அக்கியில் இன்னும் அதிகம். நான்கு மாதம் தாண்டிவிட்டதால் உங்கள் அம்மாவுக்கு அந்த ஆபத்து பெருமளவு கடந்துவிட்டது.

குழந்தைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மறதி நோய் யாருக்கும் தொற்றாது. தொட்டாலும், பக்கத்தில் படுத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. கொப்புளத்தில் நீர் இருக்கும்போது மட்டும், சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத குழந்தைக்குச் சின்னம்மை வரலாம். அந்தக் கட்டமும் முடிந்துவிட்டது. பேரப்பிள்ளைகளை ஆச்சியிடமிருந்து பிரித்து வைத்திருந்தால் இன்றைக்கே அந்த வேலியை எடுத்துவிடுங்கள்.

இனி பெரிய கேள்விக்கு வருவோம். வைரஸ் தொற்றுக்கும், நரம்பணுக்கள் மெல்ல மெல்லச் செத்துப்போகும் நரம்புச் சிதைவுக்கும் தொடர்பு உண்டா? உண்டு. ஆனால் எந்த வைரஸ், எந்த நோய் என்று கேட்காமல் பொதுவாக ‘உண்டு’ என்று சொல்வதால்தான் காணொளிகள் பயமுறுத்துகின்றன. சில இணைகளில் சந்தேகத்துக்கே இடமில்லை, சிலவற்றில் கிட்டத்தட்ட நிரூபணம் ஆகிவிட்டது, சில இன்னும் நல்ல யூகம்தான். இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: எது முதலில் வந்தது? நரம்புச் சிதைவு நோய்கள், அறிகுறி தெரிவதற்குப் பத்து இருபது ஆண்டு முன்பே மூளையில் தொடங்கிவிடுகின்றன. தளர்ந்த உடம்பில் வைரஸ் எளிதாகத் தலைதூக்கும். அப்படியானால் வைரஸ் நோயைக் கொண்டுவந்ததா, நோய் வைரஸுக்கு வழிவிட்டதா என்பது, இரண்டையும் ஒரே ஆளிடம் பார்ப்பதால் மட்டும் தெரிந்துவிடாது.

சந்தேகமே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மேற்படிப்பு மாணவனாக இருந்தபோது ஒன்பது வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்தார்கள். நன்றாகப் படித்த பிள்ளை, ஆறு மாதமாக மார்க் குறைகிறது. வாத்தியார் கவனக்குறைவு என்று அடித்திருக்கிறார். சாப்பிடும்போது கையிலிருந்து தட்டு விழுகிறது, வேண்டுமென்றே போடுகிறான் என்று வீட்டிலும் திட்டு. பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தபோதுதான் புரிந்தது: சில விநாடிகளுக்கு ஒருமுறை, கடிகாரம் அடிப்பது போல ஒரே சீராக, அவன் உடம்பு ஒரு சின்ன உலுக்கு உலுக்கியது. மூளை மின்அலைப் படத்திலும் அதே சீரான இடைவெளியில் உயர்ந்த அலைகள். முதுகுத்தண்டு நீரில், தட்டம்மை வைரஸைப் பிடிக்க உடம்பு செய்யும் எதிர்ப்பொருள் கொட்டிக் கிடந்தது. ஒன்றரை வயதில் அவனுக்குத் தட்டம்மை வந்து போயிருந்தது. ‘மாரியாத்தா இறங்கிட்டா, நல்லாயிட்டான்’ என்று அம்மா சொன்னார். ஒன்றரை ஆண்டில் அவன் இறந்துபோனான். அவனைத் திட்டியதை நினைத்து அந்தத் தகப்பன் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த நோயின் பெயர் எஸ்.எஸ்.பி.ஈ. தட்டம்மை வைரஸ் மூளைக்குள் தங்கி, தன் மரபணுவை மாற்றிக்கொண்டு, ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்த நரம்பணுவுக்குச் சத்தமில்லாமல் பரவுகிறது. வெளியே வராததால் எதிர்ப்பொருள் எவ்வளவு இருந்தும் அதைப் பிடிக்க முடிவதில்லை. பெரும்பாலும் ஏழு முதல் பத்து ஆண்டு கழித்துத் தெரியவரும். பெரும்பாலோர் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் இறந்துவிடுகிறார்கள், குணப்படுத்தும் மருந்து இல்லை. எவ்வளவு சின்ன வயதில் தட்டம்மை வருகிறதோ அவ்வளவு ஆபத்து. கலிபோர்னியாவில் எடுத்த கணக்கில், ஒரு வயதுக்குள் தட்டம்மை வந்த 609 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை என்ற வீதத்தில் இது பிறகு வந்திருந்தது. தடுப்பூசி நன்றாகப் பரவிய நாடுகளில் இந்த நோய் கிட்டத்தட்ட மறைந்துபோனது. தடுத்தால் வராது என்பதுதான் காரணத்தைக் காட்டும் மிக உறுதியான சான்று. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அந்த வாரங்களில் என்னிடம் வந்த ஒவ்வொரு பெற்றோரிடமும் இந்தப் பையனின் கதையைச் சொன்னேன்.

இன்னொரு வகை, வைரஸ் போய்விட்ட பிறகும் காயம் நின்றுவிடுவது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், நம் வேலூர்ப் பகுதியில். கொசு மூலம் வரும் இந்த வைரஸுக்கு மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் மீதும், சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கறுப்புத் திட்டு மீதும் ஒரு தனிக் குறி உண்டு. பார்க்கின்சன் நோயில் செத்துப்போவதும் அதே கறுப்புத் திட்டில் உள்ள நரம்பணுக்கள்தான். அதனால் பிழைத்த சிலர் பார்க்கின்சன் நோயாளியைப் போலவே விறைத்து, முகத்தில் அசைவில்லாமல், சிற்றடி வைத்து நடப்பார்கள். ஆனால் ஒரு வித்தியாசம்: பார்க்கின்சன் ஆண்டுக்கு ஆண்டு கூடும். இது பெரும்பாலும் அதிகரிக்காது, சிலருக்கு மாதக்கணக்கில் குறையவும் செய்யும். காய்ச்சலில் ஒரே அடியாக விழுந்த அடி அது.

போலியோ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சின்ன வயதில் ஒரு கால் பாதிக்கப்பட்டு, கேலிப்பர் மாட்டி, படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்திய தலைமுறை நம்மிடையே இப்போது ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறது. அவர்களில் பலர், ‘டாக்டர், நல்லா இருந்த காலும் இப்போ தளருது’ என்று வருகிறார்கள். வைரஸ் திரும்ப வரவில்லை. அன்றைக்குத் தப்பிய நரம்பணுக்கள், செத்துப்போன பக்கத்து நரம்பணுக்களின் தசை இழைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு முப்பது நாற்பது ஆண்டு இரட்டை வேலை செய்தன. இப்போது அவை களைத்துப்போகின்றன என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. நோய் ஒழிந்துவிட்டதால் இளம் மருத்துவர்கள் பலருக்கு இந்தப் பின்விளைவு நினைவுக்கே வருவதில்லை. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். அளவுக்கு மீறிய உடற்பயிற்சி இவர்களுக்குக் கெடுதல், அளவோடு செய்தால் நல்லது.

காலம் பொருந்துவதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது என்பதற்கும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1917-ல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ என்ற மருத்துவர், நாள்கணக்கில் தூங்கிக்கொண்டே இருக்கும் விசித்திரமான மூளைக்காய்ச்சல் ஒன்றை விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோருக்கு வந்தது. பிழைத்தவர்களில் பலர் ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் போன்ற விறைப்பில் சிலையாக உறைந்துபோனார்கள். அதே காலத்தில்தான் 1918-ன் பெரும் இன்ஃப்ளுயன்சாவும் வந்தது. அதனால் ஃப்ளூ வைரஸ்தான் காரணம் என்று நீண்ட காலம் எழுதி வந்தார்கள். பத்திரப்படுத்தியிருந்த அந்த நோயாளிகளின் மூளைத் திசுவைப் பிற்காலத்தில் நவீன முறைகளில் சோதித்தபோது ஃப்ளூ வைரஸின் தடயம் கிடைக்கவில்லை. இன்றுவரை அந்த நோயின் காரணம் தெரியாது. அருகருகே நடந்தவை ஒன்றுக்கொன்று காரணமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் ‘எது முதலில்’ என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைத்த ரத்தம் வேண்டும். அப்படி ஒரு புதையல் அமெரிக்க ராணுவத்திடம் இருந்தது. வீரர்களிடம் எச்.ஐ.வி. சோதனைக்காக இரண்டாண்டுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, மிச்சத்தை உறைய வைத்துப் பாதுகாத்து வந்தார்கள். ஹார்வர்டின் ஆல்பர்ட்டோ அஷெரியோ குழு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீரர்களின் பதிவுகளில் தேடி, பணிக்காலத்தில் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தவர்களைப் பிரித்தெடுத்தது. நம் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் உறையை அரிக்கும் நோய் அது. நரம்பிழைகளும் நாளடைவில் சிதைந்துபோகும். குழு சந்தேகித்தது எப்ஸ்டீன்-பார் வைரஸை. எச்சில் மூலம் பரவுவது. இளம் வயதில் தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டு, காய்ச்சல் என்று வந்து போகும். குழந்தைப் பருவத்தில் வந்தால் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

ரத்த மாதிரி கிடைத்த 801 நோயாளிகளில் 35 பேருக்கு முதல் மாதிரியில் இந்த வைரஸ் இல்லை. அந்த 35 பேரில் 34 பேருக்கு, மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வருவதற்கு முன்பாக வைரஸ் தொற்றியிருந்தது. நோய் வராத வீரர்களில், முதலில் வைரஸ் இல்லாதவர்களில் அதே காலத்தில் தொற்றியது சுமார் 57 விழுக்காட்டினருக்கு மட்டுமே. கணக்கிட்டால் எப்ஸ்டீன்-பார் தொற்றிய பிறகு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. நரம்பணு சேதமடைந்தால் நியூரோஃபிலமென்ட் என்ற புரதத் துணுக்கு ரத்தத்தில் கசியும். அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டு முன்பே அது ஏறத் தொடங்கும். அதையும் அளந்தார்கள். வைரஸ் தொற்றுவதற்கு முன் எடுத்த மாதிரிகளில் அது ஏறவில்லை, தொற்றிய பிறகுதான் ஏறியது. ஆக, ஒளிந்திருந்த நோய்தான் வைரஸுக்கு வழிவிட்டது என்ற மறுப்பு நிற்கவில்லை. எச்சில் மூலமே பரவும் சைட்டோமெகலோ வைரஸை ஒப்பிட்டுப் பார்த்தபோது அதற்கு இந்தத் தொடர்பு இல்லை. 2022 ஜனவரியில் இந்த முடிவு வெளிவந்தது. அதே மாதம் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று எப்படி என்பதற்கும் ஒரு விடை தந்தது: இந்த வைரஸின் ஒரு புரதத்துக்கும், மூளையில் உள்ள கிளையல்கேம் என்ற புரதத்துக்கும் ஒரு துண்டு ஒரே சாயல். வைரஸைப் பிடிக்க உடம்பு செய்த எதிர்ப்பொருள், சில நோயாளிகளிடம் ஆள் மாறாட்டத்தில் சொந்த மூளையையும் பிடிக்கிறது.

ஒரு சந்தேகம் வரும். உலகில் வயது வந்தவர்களில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு இந்த வைரஸ் இருக்கிறது. எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். பிறகு ஏன் எல்லோருக்கும் நோய் வரவில்லை? வைரஸ் இல்லாமல் அந்த நோய் வருவது மிக அரிது, ஆனால் வைரஸ் மட்டும் போதாது. மரபணு, தொற்றும் வயது, சூரிய ஒளிக் குறைவு, புகைப்பழக்கம் போன்றவையும் சேர வேண்டும். விறகு இல்லாமல் அடுப்பு எரியாது, விறகு கிடக்கிற வீட்டிலெல்லாம் அடுப்பு எரிந்துகொண்டிருப்பதும் இல்லை. ‘உங்களுக்கு இந்த வைரஸ் இருக்கிறதா’ என்று யாராவது பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்தால் காசைச் செலவழிக்காதீர்கள். இருக்கிறது என்று தெரிந்து நீங்கள் செய்யப்போவது எதுவும் இல்லை.

சரி, அல்சைமர். இங்கே முதலில் சந்தேகிக்கப்பட்டது உதட்டோரத்தில் கொப்புளம் தரும் ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் ஒன்றாம் வகை. மான்செஸ்டரின் ரூத் இட்சாகி 1990-களின் தொடக்கத்தில் முதியவர்களின் மூளையில் இதன் மரபணுவைக் கண்டார். 1997-ல், ஏபோஈ4 என்ற மரபணு வகையும் இந்த வைரஸும் ஒரே மூளையில் சேர்ந்தால்தான் அல்சைமர் ஆபத்து கூடுகிறது என்று எழுதினார். பல ஆண்டு அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, ஆராய்ச்சிப் பணம் கிடைக்கவே கஷ்டப்பட்டார். பிறகு பாஸ்டனில் ராபர்ட் மோயரும் ரூடால்ஃப் டான்சியும் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் வெறும் கழிவு இல்லை, கிருமியைச் சுற்றி வலை போட்டுப் பிடிக்கும் ஆயுதம் என்று சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். கிருமி திரும்பத் திரும்ப வந்தால் வலைமேல் வலை விழுந்து, அந்தக் குப்பையே நரம்பணுவை நெரிக்கிறது என்பது அவர்கள் வாதம். கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்ளும் வாதம். ஆனால் அழகான வாதம் என்பதாலேயே அது மெய்யாகிவிடாது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. வைரஸ்தான் காரணம் என்றால் வைரஸ் மாத்திரை நோயைத் தணிக்க வேண்டுமே? கொலம்பியா பல்கலைக்கழகக் குழு அதைச் சோதித்தது. ஆரம்பக் கட்ட அல்சைமரோடு, ஹெர்பெஸ் எதிர்ப்பொருளும் உள்ள 120 பேர். ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு நான்கு கிராம் வரை வாலசைக்ளோவிர், மறு பாதிக்குப் போலி மாத்திரை, 78 வாரம். 2025-ல் முடிவு வந்தது: பலன் இல்லை. நினைவாற்றல் சோதனையில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களே சற்று நன்றாக இருந்தார்கள். நோய் வேரூன்றிய பிறகு வைரஸைத் தடுத்து என்ன பயன், முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், இருக்கலாம். ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் காரணமே இல்லை என்பதாகவும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும், மறதிக்காக உங்கள் அம்மாவுக்கு மாதக்கணக்கில் வைரஸ் மாத்திரை கொடுக்க இன்றைக்கு எந்த நியாயமும் இல்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அந்த மாத்திரையே குழப்பத்தை உண்டாக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அக்கியின் கதை வேறு திசையில் போயிருக்கிறது, அதைத்தான் நான் மிகுந்த நம்பிக்கையோடு பார்க்கிறேன். சின்னம்மை ஆறியதும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்துக்குப் பக்கத்தில் உள்ள நரம்பு முடிச்சுகளில் ஆயுசுக்கும் படுத்துக்கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு முடிச்சிலிருந்து எழுந்து, அந்த நரம்பு போகிற வழியிலேயே ஒரு பக்கமாகப் பட்டை போட்டதுபோல் வெளியே வருவதுதான் அக்கி. இதற்குத் தடுப்பூசி உண்டு. தடுப்பூசி போட்டவர்களுக்கு மறதி நோய் குறைவு என்று பல ஆய்வுகள் முன்பே சொல்லியிருந்தன. ஆனால் தேடிப்போய் ஊசி போட்டுக்கொள்கிறவர் பொதுவாகவே உடம்பைப் பேணுகிறவர், நடைப்பயிற்சி போகிறவர், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பவர். பலன் ஊசியாலா அவருடைய பழக்கத்தாலா என்று பிரிக்க முடியாது.

வேல்ஸ் நாட்டில் அதைப் பிரிக்க ஒரு வழி தானாக அமைந்தது. அங்கே இந்தத் தடுப்பூசித் திட்டம் தொடங்கிய நாள் 2013 செப்டம்பர் 1. ஊசிக்குத் தட்டுப்பாடு இருந்ததால் வயது வரம்பு வைத்தார்கள். 1933 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவருக்கு உரிமை உண்டு. அதற்கு முந்தைய நாள் பிறந்தவருக்கு ஆயுளுக்கும் கிடையாது. ஒரு வாரம் முன்பின் பிறந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பு, பழக்கம், பணம், வியாதி எதிலும் சராசரியாக வித்தியாசம் இருக்காது. ஊசியில் மட்டும் வித்தியாசம்: கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டவர்கள் அனேகமாக யாருமில்லை, இந்தப் பக்கம் 47 விழுக்காட்டினர். ஸ்டான்ஃபோர்டின் பாஸ்கல் கெல்ட்செட்சர் குழு சுமார் 2.8 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஏழாண்டு பின்தொடர்ந்தது. ஊசி போட்டவர்களில் 100-க்கு மூன்றரை பேர் அளவுக்கு மறதி நோய் குறைந்திருந்தது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. பெண்களிடம் பலன் இன்னும் தெளிவு. மற்ற வியாதிகளில் அந்தப் பிறந்தநாள் கோட்டைச் சுற்றி எந்த மாற்றமும் இல்லை. 2025 ஏப்ரலில் இது வெளிவந்தது. ஆஸ்திரேலியாவிலும் இதேபோன்ற பிறந்தநாள் வரம்பு இருந்தது, அங்கேயும் அதே திசையில்தான் முடிவு.

அதனால் அக்கி வைரஸ் அல்சைமரை உண்டாக்குகிறது என்று நிரூபணம் ஆகிவிட்டதா? இல்லை. தடுப்பூசி மறதி நோயைக் குறைக்கிறது என்பதற்கு மிக வலுவான சான்று கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். வைரஸ் எழாமல் தடுத்ததால் குறைந்ததா, ஊசியே முதிய வயதின் எதிர்ப்புச் சக்தியைப் பொதுவாகத் தட்டி எழுப்பியதால் குறைந்ததா என்று இன்னும் பிரிக்கவில்லை. முதல் வகையாக இருந்தால் வழிகள் பல. அக்கி வைரஸ் ரத்தக்குழாய்ச் சுவர்களைப் புண்ணாக்கும். அடிக்கடி அழற்சியைக் கிளப்பும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையில், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மூளைத் திசுவில் தூங்கிக்கொண்டிருந்த ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸை அக்கி வைரஸ் எழுப்பிவிட்டது. அதன் பிறகே அமிலாய்டு சேர்ந்தது. இட்சாகியும் அந்த ஆய்வில் பங்கு பெற்றார். தனித்தனியாக ஓடிய இரண்டு கதைகள் அங்கே ஒன்று சேர்கின்றன, மனிதரிடமும் அப்படித்தான் நடக்கிறதா என்பது தனிக் கேள்வி.

கோவிட் பற்றியும் கேட்பீர்கள். பிரிட்டனில் கோவிட் வருவதற்கு முன்பே மூளை ஸ்கேன் எடுத்திருந்த 785 பேருக்கு மறுபடியும் எடுத்துப் பார்த்தார்கள். இடையில் கோவிட் வந்த 401 பேரிடம், முகர்தலோடு தொடர்புள்ள பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் கூடுதலாகக் கொஞ்சம் மெலிந்திருந்தது. முன்னும் பின்னும் ஸ்கேன் இருப்பதால் இது நல்ல ஆய்வு. ஆனால் அந்த மெலிவு சராசரியாகச் சின்னது, அது மறதி நோயாக வளருமா என்று சொல்ல இன்னும் பல ஆண்டுகள் ஆகும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் கோவிட் வந்து போயிருக்கும். அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அம்மாவிடம் திரும்புகிறேன். அக்கி ஒருமுறை வந்தவருக்கும் திரும்ப வரலாம், அதனால் தடுப்பூசி அவருக்கும் பொருந்தும். ஷிங்ரிக்ஸ் என்ற தடுப்பூசி 2023-லிருந்து இந்தியாவில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிடைக்கிறது. இரண்டு தவணை, இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, விலையும் அதிகம். வேல்ஸில் போட்டது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ் ஊசி. இது வேறு வகை, உயிருள்ள வைரஸ் இதில் இல்லை. இதைப் போட்டுக்கொண்டவர்களிடமும் மறதி நோய் தாமதமாவதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்று 2024-ல் காட்டியது. ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பது முதலில் அக்கிக்காக, அந்த எரிச்சலை அவர் இன்னொரு முறை அனுபவிக்கக் கூடாது என்பதற்காக. மறதி குறைந்தால் அது கூடுதல் வரவு. இந்த ஊசிக்காகக் கடன் வாங்காதீர்கள். கையில் வசதி இருந்தால், இப்போதைய குழப்பத்தின் காரணம் தெரிந்த பிறகு, எப்போது போடலாம் என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் வேறு யாருக்காவது அக்கி வந்தால் ஒன்றை மறக்காதீர்கள். நம் ஊர்ப் பக்கம் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நம்பிக்கையை நான் தடுப்பதில்லை, புண்மேல் மண் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். ஆனால் வைரஸ் மாத்திரை நன்றாக வேலை செய்வது கொப்புளம் தெரிந்த முதல் 72 மணி நேரத்தில். பலர் மூன்று நாள் எழுதிவிட்டு நான்காம் நாள் வருகிறார்கள். முதலில் மாத்திரை, அன்றைக்குச் சாயங்காலம் எழுதிக்கொள்ளட்டும்.

மருத்துவரிடம் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும், ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் தொடங்கியது, மறதியை முதன்முதலில் கவனித்த தேதி எது என்பதையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். எது முதலில் வந்தது என்று அங்கேயும் பார்க்க வேண்டியிருக்கும்.